பதினோராம் வளைவில் இல்லாத எண்ணெய்

இல்லாத எண்ணெய்க்குக் கொடி காட்டியவள் என்று என்னைக் கேலி செய்ய எங்கள் பந்தயத் தடத்தில் இன்னும் ஆள் இருக்கிறது. செய்துகொள்ளட்டும். அன்று அந்தக் கொடியை நான் காட்டாமல் இருந்திருந்தால் இன்று எனக்கு வலது கண் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று கேட்க, ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். தடித்த கண்ணாடி போட்டிருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

நான் ஸ்டெல்லா. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. வாரநாட்களில் விசில் ஊதுவேன். பந்தயம் நடக்கிற ஞாயிறுகளில், பெங்களூருக்கு வெளியே குன்றுகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு மோட்டார் பந்தயத் தடத்தில் மார்ஷலாக நிற்பேன். மார்ஷல் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் கிடையாது. ஓர் ஆரஞ்சு உடுப்பு, மதியத்துக்குப் பொட்டலம் புளியோதரை, சாயங்காலம் முகம் நிறையப் புழுதி, அவ்வளவுதான் வரும்படி. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தால் கடவுளோடு என் கணக்கு தீர்ந்தது. ஞாயிறு முழுக்க பைக்குகளுக்கு.

அந்தத் தடத்தைப் பார்த்தால்தான் எங்கள் வேலை புரியும். கேழ்வரகு வயல்களையும் பாறைகளையும் தாண்டி, ஒரு குன்றின் மேல் ஏறி இறங்கி, மறுபடி ஏறிப் போகிற பாதை அது. சமதளத் தடங்களில் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியும். இங்கே தெரியாது. நான் நிற்பது பதினோராம் வளைவு. மேட்டின் உச்சியில் முதலில் ஹெல்மெட் தெரியும், பிறகு ஆள், பிறகு வண்டி. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் விழுந்து கிடந்தால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வழியே இல்லை, நாங்கள் கொடி காட்டினால் ஒழிய. மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, மெதுவாகப் போ. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி என்றால் பாதை வழுக்குகிறது, எண்ணெயோ சேறோ கிடக்கிறது.

வளைவுக்கு வளைவு நாங்கள் நிற்கிற இடத்துக்குப் போஸ்ட் என்று பெயர்; ஒரு போஸ்டுக்கு இரண்டு பேர். ஒருவர் வருகிற வண்டிகளைப் பார்ப்பார், மற்றவர் போகிற வண்டிகளைப் பார்ப்பார். நடுவில் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் நடப்பதை மற்றவர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் நிற்பவன் முருகேசன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஈஜிபுராவில் குடியிருக்கிறான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் ரிப்பேர் பார்ப்பவன். எனக்குத் தம்பி மாதிரி. எங்கள் சண்டையைக் கேட்பவர்கள் சொந்தத் தம்பி என்றே நினைப்பார்கள்.

நான் கொடி காட்டிய அந்த ஞாயிற்றுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வலது கண்ணில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள் மிதந்தன. ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல் வேறு. வேறு யாராக இருந்தாலும் கண் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். எனக்குத் தோன்றியதோ, பைக் டயர்களிலிருந்து தெறிக்கிற ரப்பர் துகள் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று. மார்ஷல்களுக்கு அது தீராத தொல்லை. போன வாரம் ஒட்டியது இன்னும் போகவில்லையே என்று அலுத்துக்கொண்டு, கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் துடைத்தேன். மின்னலுக்கு வெயில்தான் காரணம் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம், பந்தயம் சூடுபிடித்திருந்த நேரம். பாதையின் குறுக்கே, கறுப்பாக, அகலமாக ஒரு கறையைப் பார்த்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோடு போட்ட கொடியைத் தூக்கிவிட்டேன். முன்னால் வந்தவன் என்னை நம்பி வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்தவனுக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைவு; சந்தில் புகுந்து முந்திப் போய்விட்டான். அந்தச் சுற்று முடிந்ததும் முருகேசன் சிமெண்டுத் தூள் வாளியோடு பாதைக்குள் ஓடினான். எண்ணெய் மேல் கொட்டத்தான்.

"எங்கக்கா கீது ஆயிலு?"

"அதோ, உன் காலடியிலடா!"

"என் காலடியில என் ஷூதான்கா கீது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இடது பக்கம் பார்த்தேன். எண்ணெய் அங்கே வந்தது. வயலைப் பார்த்தேன். கேழ்வரகின் மேல் எண்ணெய். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். அங்கேயும் கீழ்ப்பக்கமாக அதே கறை. முருகேசன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேலி இல்லை.

தடத்து ஆம்புலன்ஸில் இருந்த டாக்டர் எலும்பு முறிவுக்காரர். இருந்தாலும் கெட்டிக்காரர். என் ஒரு கண்ணை மூடச் சொல்லி, விரலை மேலும் கீழும் ஆட்டினார். கீழே போன விரல் காணாமல் போனது. "விழித்திரை மாதிரி தெரியுது மேடம். வீட்டுக்குப் போகாதீங்க, நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. குலுங்காம போங்க" என்றார். முருகேசன் என் காரை ஓட்டினான். வருஷக்கணக்காகப் பந்தயத்தில் நிற்கிறவன், அன்று மலையிறங்குகையில் ஆட்டு மந்தைக்கும் ஓரமாக நின்று வழிவிட்டான். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தபடியே வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் சேவியர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். என் பந்தயப் பைத்தியம் அவருக்குப் பிடிக்காது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் குன்று ஏறி வந்ததில்லை. என்றாவது ஒரு பைக் என் மேல் ஏறிவிடும் என்பது அவருடைய நிரந்தரப் பயம். என்னைப் பார்த்ததும், "அடி படலையே?" என்றார். "பைக் மோதலைங்க, கண்ணுதான் மக்கர் பண்ணுது" என்றேன். அதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை வேறு மாதிரி உலகம். கண் பாப்பாவை விரிய வைக்கிற மருந்தை ஊற்றி வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கூட்டுப் பிரார்த்தனையில் இருப்பதுபோலத் தெரியும். அரைமணிக்கு ஒருமுறை ஒரு சிஸ்டர் வந்து எல்லார் கண்ணையும் திறந்து மறுபடி ஊற்றிவிட்டுப் போவார். எனக்கு மட்டும் அதிக நேரம் அது வாய்க்கவில்லை. கறை என்ற சொல்லைக் கேட்டதுமே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவசரமாகக் கூப்பிட்டதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

டாக்டரம்மாவுக்கு அல்சூர். எங்கள் தமிழே பேசினார். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்ணின் பின்சுவரில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதற்குத்தான் விழித்திரை என்று பெயர். நாம் பார்ப்பது எல்லாம் அதில்தான் விழுகிறது. என்னைப் போலக் கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு அந்தப் படலம் இழுபட்டு மெலிந்திருக்கும். எனக்கு அதில் மேல்பக்கம் ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியே நீர் புகுந்து, ஈரச் சுவரில் காகிதம் உப்பிக்கொண்டு வருவதுபோலப் பிரிந்து வருகிறது. மிதந்த பொட்டுகளும் மின்னலும் அதன் முன்னெச்சரிக்கை. மேல்பக்கம் பிரிந்தால் நமக்குக் கீழ்ப்பக்கம் இருட்டாகத் தெரியும். அதனால்தான் என் எண்ணெய் தரையில் கிடந்தது.

"நடுப்பகுதி ஒன்னு இருக்கு. எழுத்து, நம்பர், முகம் எல்லாம் அதுலதான் தெரியும். அது இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. அது பிரிஞ்சிருந்தா நான் இவ்வளவு தைரியமா பேசமாட்டேன். காலையில ஆபரேஷன் வச்சிடலாம்."

"நான் மறுபடி கொடி புடிக்க முடியுமா டாக்டர்?"

"மொதல்ல கண்ணைக் காப்பாத்துவோம்மா. கொடி எங்கயும் ஓடிடாது."

நான் தைரியசாலி என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. படுக்கையில் கிடந்து, பார்வை போனால் பள்ளிக்கூட மைதானம், மேட்டின் உச்சி, இந்த மனுஷரின் முகம் எல்லாமே பாதியாகிவிடுமே என்று அழுதேன். சேவியர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசியிருந்தால் இன்னும் அழுதிருப்பேன்.

ஆபரேஷன் பயந்த அளவுக்கு இல்லை. கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள், விழித்தபடியேதான் இருந்தேன். வலி இல்லை. உள்ளே நிழல்கள் நடமாடுவது தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கிற கூழை எடுத்துவிட்டு, படலத்தை அதன் இடத்தில் படிய வைத்து, லேசரால் கிழிசலைச் சுற்றித் தையல் போடுவதுபோலச் சூடு வைத்தார்கள். கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பினார்கள். படலம் நன்றாக ஒட்டும்வரை அந்த வாயுக் குமிழி உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கும். சில வாரங்களில் தானாகக் கரைந்துபோகும்.

இதில்தான் சங்கடம். குமிழி மேலே எழும்பும் பொருள். அது பின்சுவரைப் போய் அழுத்த வேண்டுமானால் நான் தரையைப் பார்த்துக் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்படித்தான். பெண்களை வரிசையில் நிறுத்தி, "தலை நிமிர்ந்து நில்!" என்று வாழ்நாள் முழுக்கக் கத்தியவளுக்கு இந்தத் தண்டனை. கொஞ்சம் தலையைத் தூக்கினால் போதும், கன்னடத்து சிஸ்டர் எங்கிருந்தோ, "மேடம், தலெ எத்தபேடி!" என்று குரல் கொடுப்பார். நான் விசில் ஊதுவதைவிட அவருடைய குரல் பலம்.

தலையணையில் முகம் புதைத்தால் மூச்சு முட்டியது. முருகேசன் வந்து பார்த்தான், போனான், மறுபடி வரும்போது ஸ்கூட்டர் டியூப் ஒன்றைக் காற்றடித்துக் கொண்டுவந்தான். புது டியூப்தான், நன்றாகக் கழுவி, மேலே துண்டு சுற்றியிருந்தான். நடு ஓட்டையில் முகத்தை வைத்தால் நெற்றியும் தாடையும் மட்டும் படும், கண் மேல் ஒன்றும் படாது. சிஸ்டர் முதலில் இது ஆஸ்பத்திரியா கேரேஜா என்று சத்தம் போட்டார். டாக்டரம்மா பார்த்துச் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். சாயங்காலம் அதே சிஸ்டர் முருகேசனிடம் வந்து, பக்கத்து அறைக்காரருக்காக, "இன்னொந்து டியூப் சிக்குத்தா சார்?" என்று கேட்டார். இன்னொன்று கிடைக்குமாம்! அன்றிலிருந்து அவனுக்கு அந்த மாடியில் தனி மரியாதை.

பார்க்க வந்தவர்களை எல்லாம் நான் கால்களாகத்தான் பார்த்தேன். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ என்றால் எங்கள் பள்ளி. வெள்ளி மெட்டியும் பழைய பாட்டாச் செருப்பும் என்றால் பங்குக் கோயில் பெண்கள். செபம் சொல்ல வந்தவர்களில் ஒருத்தி இரண்டு காலில் இரண்டு நிறச் செருப்பு போட்டு வந்திருந்தாள். அவசரமாக ஓடிவந்திருக்கிறாள். எனக்காக ஒருத்தி செருப்புக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தாளே என்று மனது நிறைந்துவிட்டது. யாரென்று இன்றுவரை தெரியாது, முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சேவியர் என் கண்ணாகிவிட்டார். குனிந்தபடியே சாப்பிட இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டுக் கையில் வைப்பார். காப்பிக்கு வளைகிற ஸ்ட்ரா கண்டுபிடித்து வந்தார். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் மணிக்கணக்கில் பேசியதும் அவர்தான். அந்த விவகாரத்தை என் காதுக்கே கொண்டுவரவில்லை.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் நான் வீட்டில் குனிந்து கிடக்கும்போது நடந்தது. போக முடியாது. குனிந்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. உயரமான இடத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கிற வாயு விரியும், பார்வை நரம்பு நசுங்கிவிடும். விமானம் கூடாது, மலை கூடாது. "நந்தி பெட்டாவுக்குக்கூடப் போயிடாதீங்க" என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். எங்கள் தடம் குன்றின் மேல். குமிழி கரையும்வரை அந்தத் திசைக்கே கும்பிடு.

ஆகவே சேவியர் போனில் நேரலை பார்த்து எனக்கு வர்ணனை சொன்னார். அப்படி ஒரு வர்ணனையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஒரு வண்டி போவுது."

"எந்த நம்பருங்க?"

"செவப்பு கலரு. பின்னாடி இன்னொன்னு போவுது. அய்யோ, இவன் ஏன் இப்படிச் சாயறான்? விழுந்துடுவான் போலிருக்கு."

"சாயணுங்க, அதான் வளைவு!"

"சாயாம ஓட்டக் கூடாதா?"

டியூபுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் டியூப் குலுங்கியது. பந்தயம் முடிந்து யார் ஜெயித்தது என்று கேட்டேன். அதை மட்டும் கவனிக்கவில்லை என்றார். எல்லாரும் பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டார்களாம். சற்று நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "நீ திரும்ப அங்க போகணும்னு நான் இதுவரைக்கும் வேண்டிக்கிட்டதே இல்ல ஸ்டெல்லா. கண்ணு வரணும்னு மட்டும்தான் வேண்டிக்கிட்டேன். இனிமே ரெண்டையும் சேர்த்து வேண்டிக்கிறேன்." எனக்குத் தரையைப் பார்த்தபடியே அழ வந்தது. கண்ணீர் நேராகக் கீழே சொட்டியது, துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

தலை நிமிர அனுமதி கிடைத்த பிறகு குமிழி எனக்கே தெரிய ஆரம்பித்தது. கொத்தனாரின் ரசமட்டத்தைப் போல, நான் சாய்ந்தால் அதுவும் சாயும். பார்வை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கீழே கறுப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து, துவரம்பருப்பு அளவானது. ஒருநாள் சாம்பாருக்குத் தாளிக்கும்போது பார்த்தேன், அதுவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வீடு முழுக்கச் சுற்றி எல்லாவற்றையும் பார்த்தேன். ஒட்டடை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. டாக்டரம்மா சோதித்துவிட்டு, படலம் நன்றாக ஒட்டிவிட்டது, இனி மலை ஏறலாம் என்றார். புதுக் கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார்.

தலைமை மார்ஷல் நாணய்யா குடகுக்காரர்; எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். அவருக்குப் போன் செய்தேன். "வாங்க, வாங்க. ஆனா கொடியை உடனே குடுக்கமாட்டேன். அந்தக் கண்ணு மேட்டு மேல வர்ற வண்டியைப் பார்க்குதான்னு எனக்குத் தெரியணும். பாசானா பதினொன்னாம் போஸ்ட். இல்லைன்னா பார்க்கிங்ல நின்னு கார்களுக்கு வழி காட்டுங்க. கோவிச்சுக்க வேணாம்" என்றார். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் பார்க்கிங் என்ற வார்த்தை அன்று முழுக்க என்னை விடவில்லை.

அடுத்த பந்தயத்துக்கான பயிற்சி நாள் காலை. சேவியர் முதல்முறையாக அந்தக் குன்று ஏறி வந்து, வேலிக்குப் பின்னால் ஜெபமாலையோடு நின்றார். பயிற்சிக்கு முன்பு வண்டிகள் ஒருமுறை மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தைச் சுற்றி வரும். அப்போது இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் ஒவ்வொரு வண்டியின் முன் எண்ணையும் படித்து ரேடியோவில் நான் சொல்ல வேண்டும். முருகேசன் வழக்கம்போல எனக்கு முதுகு காட்டி, போகிற வண்டிகளைப் பார்த்தபடி நின்றான்.

மேட்டின் உச்சியில் முதல் ஹெல்மெட் எழுந்தது. "நாற்பத்திரண்டு" என்றேன். அடுத்தது ஒன்பது. அடுத்தது அறுபத்தைந்து. எண்களின் விளிம்பு கொஞ்சம் நெளிந்தது, ஆனால் தெரிந்தது. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் எனக்குள் ஒரு குழந்தை குதித்தது. எல்லா வண்டிகளும் போய், கடைசியாக ஒன்று மேட்டில் ஏறி வந்தது. பச்சை வண்டி, முன்னால் வெள்ளைப் பலகை. பலகையில் ஒன்றும் இல்லை. கூர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா சொன்ன அந்த நடுப்பகுதி போய்விட்டது என்று நினைத்தேன்.

என் மௌனத்தைக் கேட்டு முருகேசன் திரும்பாமலே கிசுகிசுத்தான். "அக்கா, பதினேழு சொல்லு. அது ஒன்னுதான் இன்னும் வரலை."

வண்டிகளின் பட்டியல் அவனுக்கு மனப்பாடம். சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்க்கிங் என் கண்முன் வந்து நின்றது. வேலிக்குப் பின்னால் சேவியரும். பதினேழு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இந்த மேட்டுக்கு அப்பால் வருகிறவன் என் கொடியை நம்பித்தான் வருவான்; நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல இது இடமில்லை. ரேடியோவை அழுத்தினேன்.

"கடைசி வண்டி. நம்பர் தெரியலை சார்."

பச்சை வண்டி என்னைத் தாண்டி இறங்கிப் போய்விட்டது. முருகேசன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஸ்டெல்லா, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"தெரியலை சார்."

பிறகு ரேடியோவில் நாணய்யா சிரிக்கிற சத்தம் கேட்டது. "எப்படிம்மா தெரியும்? இப்பத்தான் கேமராவுல பார்க்கிறேன். நேத்து விழுந்துட்டு முன்பக்கத்தைப் புதுசா மாட்டியிருக்கான், நம்பரே ஒட்டலை. பத்து போஸ்ட் தாண்டி வந்திருக்கான், ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? அவனை உள்ள கூப்பிடறேன். போஸ்ட் பதினொன்னு, ரெடியா?"

இடது கண்ணிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு கண்ணிலும் நீர் வழிந்தது. ரேடியோவைப் பிடித்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். முருகேசன்தான் என் கையிலிருந்து ரேடியோவை வாங்கி, "ரெடி சார்" என்றான்.